துணிக்கு அடியில் பவளத்திட்டு: வாசகர் கேள்வி பதில்

மொரீஷியஸ் தீவின் மாஹேபூரில், எங்கள் வீட்டுப் பின்வராந்தாவில் ஒரு பெரிய மேசை இருக்கிறது. 1810 ஆகஸ்ட் மாதம் இதே ஊருக்கு எதிரே, கிராண்ட் போர்ட் விரிகுடாவில், பிரெஞ்சுக்காரருக்கும் பிரிட்டிஷ்காரருக்கும் நடந்த கடற்சண்டையை அந்த மேசைமேல் சின்னக் கப்பல்களை வைத்து மாதம் ஒருமுறை ஆடிப் பார்க்கிறோம். போன இதழில் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்து, "நீங்களே பதில் சொல்லுங்கள்" என்றார். நான் கியூர்பீப் பக்கம் கப்பல் மாதிரி செய்யும் பட்டறையில் 31 வருஷம் மரம் இழைத்தவன். கப்பலின் உடம்பு எனக்குத் தெரியும். சண்டையைப் பற்றிப் படித்ததெல்லாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான்.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்தேன், ஆனால் ஆட்டம் எப்படி நடக்கிறது என்று பிடிபடவில்லை. இது சதுரங்கம் போன்றதா? எவ்வளவு பெரிய மேசை வேண்டும்?
— ஓர் ஆசிரியை, ரோஸ் ஹில்

சதுரங்கத்தில் கட்டம் உண்டு டீச்சர், இதில் கிடையாது. கப்பலை அளவுகோல் வைத்து நகர்த்துவோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பாய் எவ்வளவு விரித்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு சுற்றில் இத்தனை சென்டிமீட்டர் போகலாம் என்று விதி. பீரங்கி சுட்டால் பகடை உருட்டுவோம். தூரம், கோணம், இன்னும் உயிரோடு நிற்கும் ஆட்கள், இந்த மூன்றையும் வைத்துச் சேதம் எவ்வளவு என்று ஒரு அட்டவணை சொல்லும். ஒரு சுற்று 15 நிமிடம் என்று கணக்கு. மாலை 5 மணிக்குத் தொடங்கிய சண்டையை இரவு 10 மணி வரை ஆட 20 சுற்று ஆகும். எங்களுக்கு அது ஒரு முழு ஞாயிறு மதியம்.

மேசையைப் பற்றிக் கேட்டீர்கள். என் கப்பல்கள் 1200-இல் ஒரு பங்கு அளவு. நாற்பது மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள ஒரு ஃபிரிகேட் போர்க்கப்பல் அந்த அளவில் மூன்றரை சென்டிமீட்டர் வரும், உங்கள் சுண்டுவிரலை விடச் சின்னது. ஆனால் விரிகுடாவையும் அதே அளவில் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஈல் த லா பாஸ் தீவிலிருந்து மாஹேபூர் கரை வரை ஏறக்குறைய 6 கிலோமீட்டர். 1200-இல் ஒரு பங்கு என்றால் அதற்கு மட்டும் 5 மீட்டர் மேசை வேண்டும். அதனால் கடலுக்கு மட்டும் 3000-இல் ஒரு பங்கு வைத்துக்கொண்டேன். 2 மீட்டரில் அடங்கிவிடுகிறது. பழைய கதவு ஒன்றும் ஒட்டுப்பலகை ஒன்றும் சேர்த்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்டத்தில் விளையாடுபவர்கள் தவிர ஒரு நடுவர் கட்டாயம். இது நான் கண்டுபிடித்ததல்ல. 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி தன் நாட்டுப் படைக்காக எழுதிய மேசைப் போர் விதிகளிலேயே நடுவர் உண்டு. ஒவ்வொரு தளபதிக்கும் அவர் கண்ணுக்கு எட்டியிருக்கக் கூடியதை மட்டும்தான் நடுவர் காட்டுவார். மற்றதை மறைத்து வைப்பார். கிராண்ட் போர்ட் சண்டைக்கு அந்த மறைப்புதான் உயிர். ஏன் என்று அடுத்த கடிதத்துக்குச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு 16 வயது. இணையத்தில் கிடைத்த விதிகளை வைத்து நானும் என் அண்ணனும் கிராண்ட் போர்ட்டை மூன்று முறை ஆடினோம். மூன்று முறையும் பிரிட்டிஷ் பக்கம்தான் ஜெயித்தது. உண்மையில் ஜெயித்தது பிரெஞ்சு. நாங்கள் எங்கே தவறு செய்கிறோம்?
— ஒரு மாணவர், கியூர்பீப்

தம்பி, நீங்கள் கேட்டதுதான் இந்தச் சண்டையின் ஆணிவேர். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், நீங்கள் எடுத்த விதிகள் திறந்த கடலுக்கு எழுதியவை. அவற்றில் பிரிட்டிஷ் மாலுமிகளுக்குப் பயிற்சி மதிப்பெண் அதிகம், வேகமாகச் சுடுவார்கள். பிரிட்டிஷ் பக்கம் சிரியஸ், நெரெயிட், இஃபிஜீனியா, மாஜிசியென் என்று நான்கு ஃபிரிகேட். பிரெஞ்சுப் பக்கம் பெல்லோன், மினெர்வ் என்று இரண்டு ஃபிரிகேட்டும், விக்டர் என்ற கொர்வெட்டும் (ஃபிரிகேட்டை விடச் சின்னப் போர்க்கப்பல்), பிடிபட்ட சிலோன் என்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகக் கப்பலும். பீரங்கிகளைப் பெயரளவில் கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். அதற்குமேல் பயிற்சி மதிப்பெண்ணும் சேர்ந்தால் பிரிட்டிஷ் பக்கம் ஜெயிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் 1810 ஆகஸ்ட் 23 மாலை என்ன நடந்தது என்று பாருங்கள். பத்து நாளுக்கு முன்பே பிரிட்டிஷார் விரிகுடா வாயிலில் இருக்கும் ஈல் த லா பாஸ் தீவுக் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். 20-ஆம் தேதி பிரெஞ்சு அணித்தலைவர் துப்பெரே தன் கப்பல்களோடு வந்தார். நெரெயிட் கப்பலின் தலைவர் வில்லோபி பிரெஞ்சுக் கொடியை ஏற்றி ஏமாற்றியும், துப்பெரேயின் கப்பல்கள் கோட்டையைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டன. கரைக்கு அருகில், பவளத்திட்டுகளுக்குப் பின்னால், வரிசையாக நங்கூரம் போட்டு நின்றன. பிரிட்டிஷ் அணித்தலைவர் பிம் சிரியஸில் 22-ஆம் தேதி வந்தார், உள்ளே நுழையும்போதே தரைதட்டினார். மறுநாள் காலை மீண்டு, இஃபிஜீனியாவும் மாஜிசியெனும் வந்து சேர்ந்த பிறகு, மாலை ஐந்து மணிவாக்கில் நான்கு கப்பலோடு உள்ளே பாய்ந்தார். திட்டுகளுக்கு நடுவே கப்பல் போகும் கால்வாய் தெரிந்த வழிகாட்டி நெரெயிட்டில் மட்டும்தான் இருந்தார்.

ஆழம் தெரியாமல் காலை விட்டால் என்ன ஆகும்? சிரியஸ் பவளத்தில் ஏறி அசையாமல் நின்றது, பீரங்கி எட்டாத தூரத்தில். மாஜிசியென்னும் ஏறியது. அது நின்ற கோணத்தில் முன்பக்கத்துச் சில பீரங்கிகளை மட்டும் திருப்ப முடிந்தது. இஃபிஜீனியா மினெர்வை நெருங்கி அடித்தது; மினெர்வும் சிலோனும் நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு கரைப்பக்கம் ஒதுங்கின. துரத்தலாம் என்றால் நடுவில் இன்னொரு திட்டு. கடைசியில் பெல்லோனுக்கு முன்னால் தனியாக நின்றது நெரெயிட்.

பிரெஞ்சுக் கப்பல்களும்தான் தரைதட்டின. ஆனால் அவை தட்டிய இடம் தங்கள் கரை; தீவு அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பக்கவாட்டுப் பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி இருந்தன. கரையிலிருந்து படகில் ஆளும் வெடிமருந்தும் வந்துகொண்டே இருந்தன. ஆளுநர் தெகான் போர்ட் லூயிஸிலிருந்து தரைவழியாகவே உதவி கொண்டுவந்தார். ஆக, ஒரே சொல்லாக "தரைதட்டியது" என்று எழுதினாலும், இரண்டு பக்கத்துக்கும் அது ஒன்றல்ல. உங்கள் விதிப்புத்தகம் தரைதட்டிய கப்பலுக்கு ஒரே தண்டனை கொடுத்திருக்கும். அதை மாற்றுங்கள்: பெல்லோனுக்கு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இழந்த ஆட்களில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கட்டும். பிரிட்டிஷ் கப்பலுக்கு அது இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் திட்டுகள். நானும் முதல் ஆட்டத்தில் உங்களைப் போலவே செய்தேன். அழகாக வரைந்த வரைபடத்தில் ஆழமில்லாத இடங்களை எல்லாம் வெளிர்பச்சையில் தீட்டி மேசையில் விரித்துவிட்டேன். பிரிட்டிஷ் பக்கம் ஆடிய என் மைத்துனர் பச்சையைச் சுற்றி வளைந்து வளைந்து போய் ஒரு மணி நேரத்தில் துப்பெரேயைப் பிடித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. பிம்முக்குத் தெரியாததை அவருக்கு நான் காட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு வரைபடத்தை எடுத்துவிட்டேன். இப்போது பலகைமேல் திட்டுகளைத் தடித்த அட்டையில் வெட்டி ஒட்டி, அதன்மேல் ஒரே நீல நிறத் துணியை இழுத்து விரித்திருக்கிறோம். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கடல். ஆழம் பார்க்க விரும்பும் கப்பல் பாதி வேகத்தில்தான் போகலாம். கப்பலுக்கு முன்னால் ஓர் இடத்தில் மட்டும் விரலை வைத்துத் துணியை அழுத்திப் பார்க்கலாம். அழுந்தினால் தண்ணீர். அழுந்தாவிட்டால் பவளம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை மாலுமி இறக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக இந்த விரல். நெரெயிட் ஆடுபவருக்கு மட்டும் ஒரு உறைக்குள் கால்வாயின் படம் தருகிறேன். அதை மற்றவர்களுக்குக் காட்டக் கூடாது. கொடி சைகையில் சொல்லலாம். ஒரு சுற்றுக்கு ஒரு சொல், அதுவும் நான் கொடுத்த பட்டியலில் உள்ள சொல். "வலப்பக்கம் திட்டு" என்று சொல்ல அந்தப் பட்டியலில் சைகை கிடையாது.

இன்னொன்று. என் தாய்மாமன் இந்த விரிகுடாவில் மீன் பிடித்தவர். "சாயங்காலம் சூரியனை முகத்தில் வாங்கிக்கொண்டு ரெசிஃப் பக்கம் போகாதே" என்பார். பவளத்திட்டை மீனவர் தண்ணீரின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். சூரியன் தலைக்குமேலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் பச்சை, பழுப்பு, நீலம் எல்லாம் தெளிவாகத் தெரியும். எதிரே தாழ்ந்திருந்தால் தண்ணீர் முழுக்க ஒரே தகடு. பிம் நுழைந்தது கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி, ஆகஸ்ட் மாத மாலை ஐந்து மணிக்கு. இதைப் புரிந்துகொண்ட அன்று நான் மேசையை விட்டு எழுந்து கரைக்குப் போய், அதே நேரத்தில் ஈல் த லா பாஸ் பக்கம் ஒரு நண்பரின் படகில் போய்ப் பார்த்தேன். மாமா சொன்னது சரி. ஒன்றும் தெரியவில்லை. இப்போது எங்கள் விதியில், பொழுது சாயும்வரை மேற்கு நோக்கிப் போகும் கப்பல் விரலால் அழுத்தாமல் ஒரு திட்டையும் ஊகிக்க முடியாது.

இப்படி ஆடிப் பாருங்கள் தம்பி. பிரிட்டிஷ் பக்கம் அப்புறமும் சில நேரம் ஜெயிக்கும். ஒரு நாள் காத்திருந்து, காலையில், விரலால் அழுத்தி அழுத்திப் போனால் ஜெயிக்கும். அப்போது பிரெஞ்சுத் தளபதி ஹாமெலான் தன் கப்பல்களோடு போர்ட் லூயிஸிலிருந்து வந்துவிடுவார் என்ற பயம் பின்னாலிருந்து தள்ளும். பிம்மின் நெஞ்சில் அன்று அடித்துக்கொண்டது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: நெரெயிட் ஏன் மட்டும் அவ்வளவு அடி வாங்கியது? ஆட்டத்தில் அதை எப்படிக் காட்டுவது?
— ஒரு வாசகர், ட்ரியோலே

நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்றபடி திரும்பும். அதைத் தடுக்க நங்கூரக் கயிற்றிலிருந்து இன்னொரு கயிறு எடுத்துக் கப்பலின் பின்பக்கத்தில் கட்டுவார்கள். அதை இழுத்தும் தளர்த்தியும் பீரங்கிகளை எதிரியின் பக்கம் வைத்துக்கொள்ளலாம். நெரெயிட்டின் அந்தக் கயிற்றைக் குண்டு அறுத்துவிட்டது. கப்பல் திரும்பி, தன் பின்புறத்தைப் பெல்லோனின் பீரங்கிகளுக்குக் காட்டியது. பின்புறம் முழுக்க ஜன்னல், மெல்லிய பலகை. அங்கே நுழையும் குண்டு கப்பலின் நீளம் முழுவதும் தடையில்லாமல் ஓடி ஆட்களை வீழ்த்தும். நான் பட்டறையில் எத்தனையோ கப்பலுக்கு அந்தப் பின்புற ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் செதுக்கி ஒட்டியிருக்கிறேன். அதன் பொருள் என்னவென்று இந்தச் சண்டையைப் படித்தபோதுதான் உறைத்தது.

விதி எளிது. பின்புறத்தில் விழும் அடிக்கு இரட்டிப்பு ஆள் சேதம். ஒவ்வொரு சுற்றும் நங்கூரம் போட்ட கப்பலுக்கு ஒரு பகடை. 1 விழுந்தால் கயிறு அறுந்தது.

கேள்வி: இங்கே ரீயூனியனில் எங்களுக்கு, 1810 என்றால் வெள்ளைக்காரர் இருவர் அடித்துக்கொண்ட கதை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இதில் தமிழருக்கு என்ன இடம்? பொம்மை வீரர்களில் நம்மவர் யாராவது உண்டா?
— ஒரு வாசகர், சேன் ஆந்த்ரே, ரீயூனியன்

உண்டு ஐயா. உங்கள் தீவிலேயே உண்டு.

1810 ஜூலை 7-ஆம் தேதி, கிராண்ட் போர்ட் சண்டைக்கு ஒன்றரை மாதம் முன்னால், ராட்ரிகஸ் தீவிலிருந்து புறப்பட்ட படை உங்கள் தீவில் இறங்கியது. அப்போது அதற்குப் பெயர் போனபார்ட் தீவு, பிரிட்டிஷாருக்குப் பூர்போன். கர்னல் கீட்டிங் தலைமையில் வந்த அந்தப் படையில் மெட்ராஸ் காலாட்படைச் சிப்பாய்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என்று கலந்த படை அது. சேன் தெனியில் லா ரெதூத் என்ற இடத்தில் சண்டை நடந்தது. இரண்டே நாளில் தீவு கைமாறியது. அதே ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி இங்கே மொரீஷியஸின் வடக்கே இறங்கிய பெரும்படையிலும் மெட்ராஸ் சிப்பாய்கள் உண்டு. டிசம்பர் 3-ஆம் தேதி தெகான் தீவை ஒப்படைத்தார். கரும்புத் தோட்டத்துக்கு நம் மூதாதையர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வருவதற்கு முன்னாலேயே தமிழ் பேசும் ஆட்கள் துப்பாக்கியோடு இந்த மண்ணில் இறங்கியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கல்தச்சர்களும் மரத்தச்சர்களும் வந்திருந்தார்கள். ஆக, அன்று கரையில் நின்று பார்த்தவர்களிலும் தமிழர் இருந்திருப்பார்கள், படகிலிருந்து இறங்கியவர்களிலும் இருந்திருப்பார்கள். இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்தச் சிப்பாய்களை நான் 28 மில்லிமீட்டர் உயரத்தில் தீட்டி வருகிறேன். ஒரு பொம்மைக்கு 20 ஆள் என்று கணக்கு வைத்தால் 600 பேர் படைக்கு 30 பொம்மை. 1803-இல் மராட்டியரோடு நடந்த அசாயே போருக்காக வார்த்து விற்கும் கம்பெனிச் சிப்பாய்கள் இதற்குப் பொருந்தும். சிவப்பு மேல்சட்டை, தொடையளவு வெள்ளைக் கால்சட்டை, அதன் ஓரத்தில் நீலப் பல்வரிசைக் கோடு, முழங்காலுக்குக் கீழே வெறுங்கால், செருப்பு. கால்களுக்கு ஒரே பழுப்பைப் பூசாதீர்கள். நான் நான்கு விதப் பழுப்பு கலக்கிறேன். உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்கள், எத்தனை நிறம் இருக்கிறதோ அத்தனையும் வேண்டும்.

தலைப்பாகையைத் தீட்டும்போது மட்டும் என் கை ஒரு நிமிடம் நிற்கும். 1805 கடைசியில் மெட்ராஸ் படையில் ஓர் உத்தரவு வந்தது: புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும், அதில் தோல் சின்னம் உண்டு, அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது. 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படை எது தெரியுமா? 69-ஆம் படையணி. அதில் நூறு பேருக்கும் மேல் செத்தார்கள். பிறகு ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை கோட்டையைத் திரும்பப் பிடித்தபோது சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

நான்கே வருஷம் கழித்து, 1810 ஜூலையில், உங்கள் தீவின் கரையில் மெட்ராஸ் சிப்பாய்களோடு சேர்ந்து இறங்கியது அதே 69-ஆம் படையணி. ஈல் த லா பாஸ் தீவுக்கு வில்லோபி கொண்டுபோன ஆட்களிலும் அந்த அணியினர் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்? ஒரே படகில் உட்கார்ந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? விதிப்புத்தகம் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நான் எடுக்கிறேன். தரைப்படை ஆட்டத்தில் சிப்பாய்ப் பொம்மைகளும் 69-இன் பொம்மைகளும் அருகருகே இருந்தால், ஒன்று பின்வாங்கும்போது மற்றது உதவி செய்யுமா என்பதற்குத் தனிப் பகடை உருட்டுகிறோம். மேசையில் அந்தப் பகடை விழும்போது எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள், ஏனென்றால் வேலூர்க் கதையை நான் ஏற்கெனவே சொல்லியிருப்பேன்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. உங்கள் குறிப்பைப் படித்துவிட்டுத் தானும் ஆட வேண்டும் என்கிறான். சண்டையை விளையாட்டாக்கிக் கொடுப்பது சரியா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.
— ஒரு தாய், காத்ர் போர்ன்

அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. என் மனைவியும் இதையே கேட்டாள். எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன், முடிவு நீங்கள் எடுங்கள்.

எங்கள் ஆட்டத்தில் கப்பலுக்குப் புள்ளி கிடையாது, ஆட்களுக்குத்தான் கணக்கு. ஒவ்வொரு கப்பலுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் துவரம்பருப்பு வைத்திருப்போம், ஒரு பருப்பு பத்து ஆள். அடி விழும்போது பருப்பை எடுத்து நடுத்தட்டில் போட வேண்டும். அதைப் போடும் வேலை அடித்தவருக்கு, அடி வாங்கியவருக்கு அல்ல. நெரெயிட்டின் கிண்ணம் பெரும்பாலும் ஏறக்குறைய காலியாகத்தான் முடியும். உண்மையிலும் அப்படித்தான், அதில் இருந்தவர்களில் இருநூறு பேருக்கும் மேல் செத்தோ காயப்பட்டோ போனார்கள்.

வில்லோபிக்கு மரச்சில் பாய்ந்து ஒரு கண் போனது. துப்பெரேக்கும் தலையில் அடி, அவருக்குப் பதில் மினெர்வின் தலைவர் பூவே தலைமை ஏற்றார். இருவரையும் கரையில் ஒரே வீட்டில் வைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். அந்த வீடு இன்றும் இருக்கிறது. மாஹேபூரின் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் அதுதான். மகனை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். பிறகு பொயிந்த் தே ரெகாத் கரைக்கு நடந்து, இரண்டு தேசத்து மாலுமிகளுக்கும் சேர்த்து 1899-இல் எழுப்பிய கல்தூணைக் காட்டுங்கள். அங்கிருந்து விரிகுடா முழுவதும் தெரியும், ஒரு பக்கம் சிங்கமலை. இதையெல்லாம் பார்த்த பிறகும் அவன் ஆட விரும்பினால், எங்கள் மேசையில் அவனுக்கு இடம் உண்டு. என் பேத்திக்கு 11 வயது. துணியை விரலால் அழுத்துவது அவள் வேலை, நிதானமாகச் செய்வாள்.

கேள்வி: மொரீஷியஸ் கப்பல் மாதிரிகள் இங்கே டர்பனில் யானை விலை. நானே செய்ய முடியுமா?
— ஒரு வாசகர், டர்பன்

நீங்கள் பார்த்தவை வீட்டில் அலங்காரமாக வைக்கும் பெரிய மாதிரிகள். அவற்றில் ஒவ்வொரு கயிறும் கையால் கட்டியது. ஒரு கப்பலுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் போகும், அதற்கு அந்த விலை தகும். மேசை ஆட்டத்துக்கு அது வேண்டாம்.

கற்பூர மரமோ தேக்கோ, தச்சரிடம் கேட்டால் கழிவுத்துண்டு கிடைக்கும். மூன்றரை சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த அகலம். முன்பக்கத்தைக் குடைந்து கூராக்காதீர்கள். அந்தக் காலத்து ஃபிரிகேட்டின் முன்பக்கம் உருண்டையாக, கன்னம் உப்பினாற்போல் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தே கொண்டுவரலாம். பாய்மரத்துக்குப் பல்குத்தும் குச்சி, பாய்க்கு டீயில் நனைத்துக் காயவைத்த தாள், கயிற்றுக்குத் தையல் நூல். நூலை மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் பிசிறு வராது. பீரங்கி வரிசையை ஓட்டை போட வேண்டாம், கறுப்புப் புள்ளியே போதும்.

நிறம் தீட்டும்போது கப்பலின் பிறப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தச் சண்டையில் பிரிட்டிஷ் கொடி பறந்த நெரெயிட்டும் மாஜிசியென்னும் பிரெஞ்சுக்காரர் கட்டியவை. பிரெஞ்சுக் கொடி பறந்த மினெர்வ் போர்த்துக்கீசியருடையது. சிலோன் ஆங்கிலக் கம்பெனியுடையது. விக்டர், சுர்கூஃப் என்ற கடல்வேட்டைக்காரருக்காகக் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் கைக்குப் போய், பிரெஞ்சுக் கைக்குத் திரும்பி வந்தது. "பிரெஞ்சுக் கப்பல் இப்படி, ஆங்கிலக் கப்பல் அப்படி" என்று ஒரே அச்சில் போடாதீர்கள்.

கேள்வி: ஆட்டத்தில் அதிர்ஷ்டம் எவ்வளவு இருக்கலாம்? பகடை அதிகமானால் திறமைக்கு மதிப்பில்லை அல்லவா?
— ஒரு வாசகர், போர்ட் லூயிஸ்

பகடையைக் குறைக்க எனக்கு மனமில்லை. 20-ஆம் தேதி ஈல் த லா பாஸில் என்ன நடந்தது? ஏமாற்றுவதற்காக ஏற்றியிருந்த பிரெஞ்சுக் கொடியை இறக்கினார்கள். அது தீப்பிடித்து, பக்கத்தில் வைத்திருந்த பீரங்கி மருந்துப் பொதிகள் வெடித்து, கோட்டையிலேயே ஆட்கள் செத்தார்கள். எதிரி கப்பல் கண்ணெதிரே வந்துகொண்டிருந்த நேரம். இதை எந்தத் தளபதியின் திறமையில் சேர்ப்பது? அதற்காகத் தனியாக ஒரு சீட்டே எழுதி வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஆட்டம் எப்போது முடிகிறது? மேசையில் எந்த மொழி பேசுவீர்கள்? வந்து பார்க்கலாமா?
— ஒரு தம்பதி, வியே கிராண்ட் போர்ட்

மூன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பேச்சு க்ரியோலில்தான் ஓடும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டளைச் சீட்டுகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். பாயை இறக்கு, நங்கூரம் போடு, ஆழம் பார், தரைதட்டியது. பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இந்தச் சொற்களை எங்கள் மேசையில்தான் முதன்முதலாக வாயால் சொல்கிறார்கள். "தரைதட்டியது" என்ற சொல் அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

முடிவு பற்றி. பெரும்பாலானோர் நெரெயிட் வீழ்ந்ததும் எழுந்துவிடப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. 24-ஆம் தேதி மாஜிசியென்னை அதன் ஆட்களே கொளுத்த வேண்டியிருந்தது, மறுநாள் சிரியஸை. மிஞ்சியது இஃபிஜீனியா. தென்கிழக்குக் காற்று வெளியிலிருந்து உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வர உதவிய அதே காற்று இப்போது வெளியே போக எதிரி. நங்கூரத்தைப் படகில் கொண்டுபோய் முன்னால் போட்டு, கயிற்றை இழுத்து, மறுபடி நங்கூரத்தை எடுத்து முன்னால் போட்டு, அப்படி அங்குலம் அங்குலமாக ஈல் த லா பாஸ் தீவு வரை போனார் அதன் தலைவர் லேம்பர்ட். அங்கே போய்ச் சேர்ந்தபோது வாயிலில் ஹாமெலானின் கப்பல்கள் நின்றன. வேறு வழியில்லாமல் ஒப்படைத்தார். பாரிஸில் ஆர்க் த ட்ரியோம்ஃப் வளைவில் பொறித்திருக்கும் வெற்றிகளில் கடற்சண்டை இது ஒன்றுதான்.

இந்தக் கடைசிக் கட்டத்தை ஆட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும். ஒரு சுற்றுக்கு 2 சென்டிமீட்டர்தான் நகரும், சிறு பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். ஆனாலும் இஃபிஜீனியா ஆடுபவர் தனியாக உட்கார்ந்து நங்கூரத்தை எடுத்து எடுத்து வைக்கும்போது, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யாராவது ஒருவர் கடைசிவரை கூட இருப்பார்.

வாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு. நீங்கள் விரிகுடாவின் அந்தக் கரைக்காரர்கள், எனவே ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது திட்டுகளின் பழைய பெயர்கள் தெரிந்திருந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள். துணிக்கு அடியில் இருக்கும் அட்டைகளில் ஏழுக்கு இன்னும் பெயர் எழுதவில்லை.